மெனுவைத் தானே உருவாக்கித் தரும் கருவிகளைச் செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

இணையதள உள்ளடக்க மேலாண்மைக் கருவிகளையும், கோப்புகளிலிருந்து தளங்களை உருவாக்கும் மென்பொருள்களையும், அவற்றின்மேல் போர்த்தப்பட்டுத் தளத்தின் தோற்றத்தைத் தரும் தீம்களையும் எழுதிப் பராமரிக்கும் நிரலாளர்களுக்கும் வடிவமைப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் பார்வையற்றவன்; திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் வழியே இணையத்தைப் பயன்படுத்துகிறவன். ஒரு பக்கத்தை நான் பார்ப்பதில்லை. மேலிருந்து கீழாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறேன். சென்ற மாதம் ஒரு மென்பொருளின் பயன்பாட்டுக் கையேட்டில் ஒரேயொரு கட்டளைக்கான விளக்கத்தைத் தேடிப் போனேன். விளக்கம் மூன்று வரிதான். அதற்கு முன்னால், பக்கவாட்டு மெனுவில் 186 இணைப்புகள் இருந்தன. அந்தத் தளத்தில் எத்தனை கோப்புகள் உண்டோ அத்தனையும், எந்தக் கோப்புறைக்குள் எது கிடந்ததோ அதே வரிசையில், ஒன்று விடாமல் மெனுவில் வந்து அமர்ந்திருந்தன. அடுத்த பக்கத்துக்குச் சென்றேன். அதே 186 இணைப்புகள் மறுபடியும் என்னை வரவேற்றன. இப்படி ஒரு மெனுவை யாரும் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்க முடியாது. உண்மையில் யாரும் எழுதவும் இல்லை. உங்கள் கருவி எழுதியது. அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு வருகிறது.

தளத்தை நடத்துகிறவருக்கு எழுதலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். எழுதிப் பார்த்திருக்கிறேன். வேறொரு தளத்தில் உள்மெனுக்கள் எவையும் விசைப்பலகைக்குத் திறக்கவில்லை என்று சுட்டிக்காட்டி நான் அனுப்பிய அஞ்சலுக்கு, அதை நடத்தும் அம்மையார் மிகுந்த அக்கறையோடு பதில் எழுதினார். அவர் செய்ததெல்லாம் ஒரு தீமைத் தேர்ந்தெடுத்தது (இந்தச் சொல்லோடு இரண்டாம் வேற்றுமை உருபு சேரும்போது தமிழ் செய்யும் குறும்பை மடல் முழுவதும் பொறுத்துக்கொள்ளுங்கள்), புதிய பக்கங்களைத் தானாக மெனுவில் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் பெட்டியில் ஒரு குறியிட்டது, அவ்வளவே. தீமின் நிரலைத் திருத்த அவருக்குத் தெரியாது. தெரிந்த ஒருவரைக் கொண்டு திருத்தினாலும் அடுத்த புதுப்பிப்பில் அந்தத் திருத்தம் அழிந்துபோகும். தீமை எழுதியவரைக் கேட்டால், மெனுவின் எச்டிஎம்எல் (பக்கத்தின் அமைப்பைக் குறிக்கும் மொழி) மூலக் கருவியிலிருந்து வருகிறது என்கிறார். மூலக் கருவியைப் பராமரிப்பவர்களோ, தாங்கள் தருவது வெறும் பட்டியல்தான் என்றும் அது திறப்பதும் மூடுவதும் தீமின் பொறுப்பு என்றும் சொல்கிறார்கள். இந்த வட்டத்துக்குள் மாற்றும் அதிகாரம் சிறிதும் இல்லாதவர் அந்த அம்மையார் ஒருவர்தான்; ஆனால் குறை என்று வரும்போது கடிதம் போவது அவருக்குத்தான்.

கையால் எழுதப்பட்ட ஒரு மெனுவில் பிழை இருந்தால் அது ஒரு தளத்தின் பிழை. உங்கள் கருவியின் இயல்பிருப்பில் (யாரும் மாற்றாதவரை அது தானே வைத்திருக்கும் அமைப்பில்) ஒரு பிழை இருந்தால், அக்கருவியை நிறுவிய ஒவ்வொரு தளத்திலும் அது முளைக்கிறது, நிறுவியவருக்குத் தெரியாமலே. திருத்தமும் அப்படியே பரவும் என்பதால்தான், ஆயிரம் தள உரிமையாளர்களுக்கு ஆயிரம் கடிதம் எழுதுவதைவிட உங்களுக்கு ஒன்று எழுதுவது மேல் என்று முடிவு செய்தேன்.

ஒரு மெனு எனக்கு எப்படி வந்துசேர்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மெனு என்பது இணைப்புகளின் பட்டியல். அதைப் பட்டியலாகவே குறித்து, 2014இல் அதிகாரப்பூர்வ நெறியாக வெளிவந்த எச்டிஎம்எல் 5 தந்த ‘நேவ்’ உறுப்புக்குள் வைத்தால், என் திரைவாசிப்பான் “வழிசெலுத்தல் பகுதி, 7 உருப்படிகள் கொண்ட பட்டியல்” என்று அறிவிக்கும். அந்த ஓர் அறிவிப்பில் எனக்கு மூன்று செய்திகள் கிடைக்கின்றன: எங்கே நிற்கிறேன், எவ்வளவு நீளம், தாண்டிப் போகலாமா வேண்டாமா. இதே இணைப்புகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய பெயரற்ற பெட்டிகளுக்குள் கொட்டினால், திரையில் எந்த வேறுபாடும் தெரியாது. எனக்கோ எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே தெரியாத ஒரு சொற்குவியல்தான் மிஞ்சும். உங்களில் பெரும்பாலோர் இன்று ‘நேவ்’ உறுப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தலைப்பகுதி மெனு, பக்கவாட்டு மெனு, அடிப்பகுதி மெனு, ‘இந்தப் பக்கத்தில்’ என்னும் உள்ளடக்கப் பட்டியல் என்று நான்கையும் பெயரில்லாமல் அதே உறுப்பில் வைக்கும்போது, “வழிசெலுத்தல், வழிசெலுத்தல், வழிசெலுத்தல், வழிசெலுத்தல்” என்று நான்கு முறை கேட்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் கொடுக்க, உறுப்போடு சேர்த்தெழுதும் ஒரே ஒரு பண்பு போதும். எந்த மெனு எந்த இடத்தில் வருகிறது என்பது உங்கள் கருவிக்கு ஏற்கெனவே தெரியும்; அந்த இடத்துக்கு அமைப்புப் பக்கத்தில் நீங்களே ஒரு பெயரும் வைத்திருக்கிறீர்கள். அந்தப் பெயரை வெளியே வரவிடாமல் உள்ளேயே வைத்துக்கொள்வது ஏன் என்று எனக்குப் புரிவதில்லை.

இனி, மவுஸை மேலே கொண்டுசென்றால் மட்டுமே விரியும் உள்மெனுக்கள். பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் ‘ஹோவர்’ என்ற ஒரு விதியை எழுதிவிட்டால் உள்மெனு அழகாக இறங்குகிறது. தொட்டுத் திறக்கும் திரையில் ‘மேலே கொண்டுசெல்லுதல்’ என்ற செயலே இல்லை, விசைப்பலகையிலும் இல்லை. மேல்நிலை உருப்படி எங்கும் செல்லாத வெற்று இணைப்பாக இருப்பது இன்னொரு வழக்கம்: “சேவைகள், இணைப்பு” என்று கேட்டு என்டர் விசையை அழுத்துகிறேன், பக்கத்தின் உச்சிக்குத் தூக்கி எறியப்படுகிறேன். இது பார்வையற்றோர் சிக்கல் மட்டும் அன்று. கை நடுக்கம் உள்ளவர் மேல்நிலை உருப்படியிலிருந்து உள்மெனுவின் மூன்றாம் வரிக்கு மவுஸைச் சாய்வாக நகர்த்தும்போது, அது ஓரிரு பிக்சல் வெளியே விலகியதும் மெனு மூடிக்கொள்கிறது. மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார். திரையைப் பெரிதாக்கிப் படிப்பவருக்கு, விரிந்த உள்மெனு தான் படித்துக்கொண்டிருந்த பத்தியையே மூடிவிடுகிறது. அதை எஸ்கேப் விசையால் விலக்கவும் வழியில்லை. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளங்களை அமைக்கச் சொல்லும் இணைய உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகளின், 2018இல் வெளிவந்த 2.1ஆம் பதிப்பு, 1.4.13 என்னும் அளவுகோலில் இதைத்தான் பேசுகிறது: அப்படித் தோன்றும் உள்ளடக்கத்தை, மவுஸை நகர்த்தாமலே விலக்க முடிய வேண்டும், அதன்மேல் மவுஸை மறையாமல் கொண்டுசெல்ல முடிய வேண்டும், பயனர் விலகும்வரை அது நிலைத்திருக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத மெனு இன்னொரு கதை. அகன்ற திரைக்கு ஒன்று, கைப்பேசிக்கு ஒன்று என்று ஒரே மெனுவை உங்கள் கருவிகள் இரண்டு முறை அச்சிடுகின்றன. பயன்படாததை மறைக்க வேண்டும். முறையாக மறைத்தால் அது திரைவாசிப்பானுக்கும் விசைப்பலகைக்கும் சேர்ந்தே மறைந்துவிடும். ஆனால் பக்கத்திலிருந்து சறுக்கி வரும் அசைவு வேண்டும் என்பதற்காக, அதைத் திரைக்கு வெளியே இடப்பக்கம் தள்ளி வைத்துவிட்டு மறைத்ததாக எண்ணிக்கொள்கிறார்கள். கண் பார்க்காது, விசைப்பலகை பார்க்கும். பார்வையுள்ள, ஆனால் மவுஸைப் பிடிக்க இயலாத என் நண்பர் ஒருவர் டேப் விசையை அழுத்திக்கொண்டே போவார். திரையில் எதுவும் நகராது. முப்பது நாற்பது அழுத்தங்களுக்குப் பிறகு திடீரென்று எங்கோ ஒரு பொத்தான் ஒளிரும். அதுவரை அவர் திரைக்கு வெளியே நின்ற இணைப்புகளினூடே நடந்துகொண்டிருந்தார். இரண்டு மெனுக்களுக்கும் ஒரே அடையாளக் குறியை (பக்கத்தில் ஓர் உறுப்பை மட்டும் சுட்ட வேண்டிய பெயரை) இட்டுவிடுவதால் வேறொரு குளறுபடியும் நேர்கிறது: கைப்பேசி மெனுவைத் திறக்க வேண்டிய பொத்தான், மறைந்திருக்கும் அகன்ற திரை மெனுவைத் தன்னுடையது என்று சுட்டும்.

கைப்பேசி மெனுவுக்கு விசைப்பலகை எதற்கு என்ற கேள்வியை ஒரு நிரலாளர் என்னிடம் நேரிலேயே கேட்டிருக்கிறார். 1280 பிக்சல் அகலமுள்ள சாளரத்தில், பார்வை குறைந்த ஒருவர் பக்கத்தை 400 விழுக்காடு பெரிதாக்கினால் உலாவிக்கு அது 320 பிக்சல் அகலத் திரை. உங்கள் தீம் உடனே கைப்பேசி மெனுவுக்கு மாறிவிடும். மேசைக் கணினி முன் விசைப்பலகையோடு அமர்ந்திருக்கும் அவருக்குக் கிடைப்பது, விரலுக்காக மட்டுமே சோதிக்கப்பட்ட மெனு.

விசைப்பலகை இப்போது எந்த உருப்படியில் நிற்கிறது என்பதைக் காட்டும் கோட்டைப் பற்றியும் ஒரு சொல். 2007இல் சிஎஸ்எஸ் வல்லுநர் எரிக் மேயர் வெளியிட்ட, உலாவிகளின் இயல்பான தோற்ற விதிகளைத் துடைத்துச் சமமாக்கும் சிஎஸ்எஸ் தொகுப்பில், இந்தக் கோட்டை நீக்கும் ஒரு வரி இருந்தது; கூடவே, உங்களுக்கான கோட்டை வரையறுக்க மறக்காதீர்கள் என்ற நினைவூட்டலும் இருந்தது. வரியை நகலெடுத்தவர்கள் பலர். நினைவூட்டலைக் கேட்டவர்கள் சிலர். 2011இல் வந்த அடுத்த பதிப்பில் அவர் அந்த வரியையே எடுத்துவிட்டார். பிற்காலத் தீம்களிலோ அது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகலாகி இன்றும் உயிரோடிருக்கிறது. இயல்பிருப்பில் வைக்கப்படும் எதுவும், வைத்தவரே மனம் மாறிய பிறகும் ஊரில் உலவிக்கொண்டிருக்கும் என்பதை எண்ணி நீங்கள் ஒவ்வொரு வரியையும் வைக்க வேண்டும்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது, நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பிழை. அணுகல்தன்மை வேண்டும் என்று யாரோ சொல்ல, அரியா (ஓர் உறுப்பு என்ன, எந்நிலையில் இருக்கிறது என்று திரைவாசிப்பான் போன்றவற்றுக்குச் சொல்லும் குறிப்புமுறை) பண்புகளை அள்ளித் தெளிக்கும் கருவிகள் பெருகியிருக்கின்றன. 2014இல் அதிகாரப்பூர்வ நெறியாக வெளிவந்த அரியாவில், ஓர் உறுப்பு என்ன வகை என்று சொல்லும் ‘பங்கு’களில் ‘மெனு’ என்று ஒன்று உண்டு. பெயரைப் பார்த்ததும், மெனுவுக்கு மெனு என்று குறிப்பதில் என்ன தவறு என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்தப் பங்கு, கணினிச் செயலிகளில் ‘கோப்பு’, ‘திருத்து’ என்றெல்லாம் இறங்குகின்றனவே, அத்தகைய கட்டளைப் பட்டியல்களை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. அதை இணைப்புப் பட்டியலுக்குச் சூட்டியவுடன் என் திரைவாசிப்பான் வாசிக்கும் முறையை விட்டுச் செயலியை இயக்கும் முறைக்குத் தாவுகிறது. நான் அழுத்தும் அம்பு விசைகளைத் தான் வைத்துக்கொள்ளாமல் பக்கத்துக்கே அனுப்பிவிடுகிறது. அம்பு விசைகளுக்குப் பதிலளிக்கும் ஜாவாஸ்கிரிப்டைப் பக்கம் எழுதியிருக்க வேண்டும். எழுதியிருப்பதில்லை. விளைவாக, நான் கீழ் அம்பை அழுத்துகிறேன், எதுவும் நடப்பதில்லை. அதோடு, ஒவ்வோர் இணைப்பும் இப்போது ‘மெனு உருப்படி’ ஆகிவிட்டதால், பக்கத்திலுள்ள இணைப்புகளை மட்டும் தொகுத்துக் காட்டும் என் வழக்கமான குறுக்குவழியில் அவற்றில் ஒன்றுகூடத் தென்படாது. எந்தப் பண்பும் இல்லாத வெறும் பட்டியலாக விட்டிருந்தால் ஒழுங்காக வேலை செய்திருக்கும் ஒன்றை, கூடுதல் உழைப்புச் செலவழித்துக் கெடுத்த கதை இது.

அரியாவின் செயல்முறை வழிகாட்டியே, தவறான அரியாவைவிட அரியா இல்லாமலிருப்பது நல்லது என்று, முதலில் படிக்கச் சொல்லும் பக்கத்திலேயே எச்சரிக்கிறது. 2019 முதல் ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கி முறையில் ஆராய்ந்துவரும் வெப்எய்ம் அமைப்பும், அரியா உள்ள பக்கங்களில் சராசரியாக அதிகப் பிழைகள் தென்படுவதாகத் தொடர்ந்து கூறிவருகிறது. அத்தகைய பக்கங்கள் சிக்கலானவை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் நேர்மையாகச் சொல்வதையும் சேர்த்தே படிக்க வேண்டும். தள மெனுவுக்குத் தேவையானது மிக எளிது. உள்மெனுவைத் திறக்க ஓர் உண்மையான பொத்தான். அது விரிந்திருக்கிறதா சுருங்கியிருக்கிறதா என்று சொல்லும் ஒரு பண்பு. தற்போது நிற்கும் பக்கத்தின் இணைப்பில், இதுதான் இந்தப் பக்கம் என்று சொல்லும் இன்னொரு பண்பு. கருவியால் தானாகவே சரியாக நிரப்பக்கூடியவை இவை. எந்தப் பக்கத்தை அச்சிடுகிறோம் என்பதைவிட ஒரு கருவிக்கு நன்றாகத் தெரிந்த செய்தி வேறு உண்டா?

பெயர்களைப் பற்றி நான் சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஏனெனில் ஆங்கிலமல்லாத மொழிகளில் எழுதுவோர்க்கு நீங்கள் செய்யும் இடையூறு அங்கேதான் குவிந்திருக்கிறது. உங்கள் கருவிகள் மெனு உருப்படியின் பெயரைத் தலைப்பிலிருந்தோ கோப்பின் பெயரிலிருந்தோ எடுக்கின்றன. கோப்பின் பெயர் முகவரியாக மாறும்போது தமிழ் எழுத்துகள் விழுக்காட்டுக் குறியீடுகளாக உருமாறுகின்றன. தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் (புள்ளிக்கும் உயிர்க்குறிக்கும்கூடத் தனித்தனிக் குறியெண் உண்டு) எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் மூன்று குறிகள். ‘அறிமுகம்’ என்ற ஐந்தெழுத்துச் சொல் எட்டுக் குறியெண்களால் ஆனது. முகவரியில் அது 72 குறிகளாக நீள்கிறது. தலைப்பை நிரப்ப மறந்த ஒரு பக்கத்துக்கு, இந்த 72 குறிகளையே மெனுவில் பெயராகப் போட்டுவிடும் கருவியை நான் எதிர்கொண்டிருக்கிறேன். திரைவாசிப்பான் அதை எப்படி வாசித்திருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

வெட்டுதல் இன்னொரு கொடுமை. மெனுவில் இடம் போதவில்லை என்று தலைப்பைக் குறிப்பிட்ட எண்ணிக்கையோடு நறுக்குகிறீர்கள். ஆங்கிலத்தில் அரைச் சொல் மிஞ்சும். தமிழில் அரை எழுத்து மிஞ்சும். ‘முந்தைய செய்திகள்’ என்பதைப் பதினொரு குறியெண்ணில் நறுக்கினால் புள்ளி கழன்று ‘முந்தைய செய’ என்று நிற்கும். செய்தியைச் சொல்ல வந்த இணைப்பு, எதையோ செய்யச் சொல்லும் கட்டளையாகக் காதில் விழுகிறது. எழுத்தை எங்கே பிரிக்கலாம், எங்கே பிரிக்கக் கூடாது என்பதற்கான விதிகளை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் குறியெண் வகுக்கும் யூனிகோடு வெளியிட்டுள்ளது. உலாவிகளில் ஜாவாஸ்கிரிப்ட் வழியே அதற்கான வசதியும் வந்துவிட்டது. இதைவிட நல்லது வெட்டாமலே இருப்பது. இரண்டு வரியில் மடங்கி நிற்கும் மெனு உருப்படி யாரையும் துன்புறுத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பக்கத்துக்குள்ளே தலைப்புகளிலிருந்து மெனு உருவாக்கும்போது ஒவ்வொரு தலைப்புக்கும் ஓர் அடையாளக் குறி வேண்டும். பல கருவிகள் தலைப்பிலுள்ள ஆங்கிலமல்லாத எழுத்துகளை எல்லாம் களைந்துவிட்டுக் குறியை ஆக்குகின்றன. தமிழ்த் தலைப்பில் களைந்த பின் மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஆகவே சிலவற்றில் குறி வெறுமையாகிறது, இணைப்பு எங்கும் போவதில்லை. வேறு சிலவற்றில் கீழ்க்கோடும் ஓர் எண்ணும் மட்டும் வருகின்றன, நடுவில் புதிதாக ஒரு தலைப்பைச் சேர்த்தவுடன் அதற்குக் கீழுள்ள எல்லா எண்களும் நகர்ந்து, நான் சேமித்து வைத்த இணைப்பு வேறொரு பகுதிக்கு அழைத்துச் செல்கிறது. அடையாளக் குறியில் தமிழ் எழுத்துகள் இருப்பதை எச்டிஎம்எல் தடுக்கவே இல்லை; குறி வெறுமையாக இருக்கக் கூடாது, அதில் இடைவெளி வரக் கூடாது, ஒரு பக்கத்தில் அது தனித்திருக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் நிபந்தனை.

மொழிக் குறிப்பும் அப்படியே. தீமின் முதல் வரியில் பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று பொறித்துவிடுகிறீர்கள். தளத்தின் உரிமையாளர் முழுக்கத் தமிழில் எழுதுகிறார். திரைவாசிப்பான் உங்கள் சொல்லை நம்பி ஆங்கிலக் குரலை அழைக்கிறது. தமிழெழுத்து அறியாத அந்தக் குரல் மெனுவைப் பேசாமல் கடந்து செல்லும், அல்லது பொருளற்ற ஒலிகளாகக் கொட்டும். மொழியைச் சரியாகக் குறித்த தளங்களிலோ எதிர்த்திசையில் ஒரு சிக்கல்: மெனு உருப்படிகள் தமிழில் இருக்க, உள்மெனுவைத் திறக்கும் பொத்தானின் பெயர் மட்டும் நிரலுக்குள் ஆங்கிலத்தில் புதைந்து கிடக்கிறது, மொழிபெயர்ப்போருக்கு எட்டாமல். அப்பெயரும் எல்லாப் பொத்தான்களுக்கும் ஒன்றே. “கிளை மெனுவை விரி, கிளை மெனுவை விரி, கிளை மெனுவை விரி” என்று ஏழு முறை கேட்டால், எந்தக் கிளை என்று நான் யாரிடம் கேட்பது? பொத்தானின் பெயரில் மேல்நிலை உருப்படியின் பெயரைச் சேர்க்க ஒரு வரி நிரல் போதும்.

மூன்று கோட்டுச் சின்னத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1981இல் வெளிவந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்தது அது. இத்தனை ஆண்டுகள் பழகிய சின்னமாயினும், அதற்கொரு பெயர் இடாவிட்டால் என் காதுக்கு அது வெறும் ‘பொத்தான்’.

இனி அந்த 186 இணைப்புகளுக்குத் திரும்புகிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் திரும்பத் திரும்ப வரும் பகுதியைத் தாண்டிச் செல்ல வழி இருக்க வேண்டும் என்பது மேலே சொன்ன அணுகல்தன்மை நெறிகளின் 2008ஆம் ஆண்டு 2.0 பதிப்பிலேயே, அதுவும் மிக அடிப்படையான நிலையில் வைக்கப்பட்ட அளவுகோல். ‘உள்ளடக்கத்துக்குச் செல்க’ என்ற இணைப்பு பெரும்பாலான தீம்களில் இருக்கிறது. அழுத்தினால் பல நேரம் எதுவும் நடப்பதில்லை. ஏனெனில் கட்டுரைப் பக்கத்தின் வார்ப்புருவில் உள்ள இலக்கு, தேடல் முடிவுப் பக்கத்தின் வார்ப்புருவில் இல்லை. இணைப்பை ஓரிடத்திலும் இலக்கை வேறிடத்திலும் அச்சிடும் கருவி, இரண்டும் சேர்ந்தே இருக்கின்றனவா என்று சோதிக்க வேண்டாமா? ஆயினும் தாண்டும் இணைப்பு ஒரு முதலுதவிதான். பட்டியல் எனக்குத் தேவைப்படும் நேரமும் உண்டு. அப்போது 186இல் ஒன்றைக் கண்டுபிடிக்க நான் உள்ளே இறங்கியே தீர வேண்டும். ஒரு மனிதர் மெனு எழுதும்போது எதை விடலாம் என்று தேர்வு செய்கிறார். கோப்புறையை அப்படியே பெயர்த்து வைக்கும் கருவி எதையும் விடுவதில்லை. கிளைகளை மூடியே அச்சிடுவது, தற்போதைய பக்கம் இருக்கும் கிளையை மட்டும் திறந்து வைப்பது, ஒரு மட்டத்தில் உருப்படிகள் அளவு மீறும்போது, இதைப் பிரித்துத் தொகுக்கலாமே என்று எழுதுகிறவருக்கு ஒரு குறிப்புக் காட்டுவது ஆகியவற்றை உங்களால் செய்ய முடியும். சில ஆவணக் கருவிகள் முதல் இரண்டையும் ஏற்கெனவே செய்கின்றன.

இணைய உள்ளடக்க அணுகல்தன்மை நெறிகளை உங்களில் பலர் அறிவீர்கள். 2023இல் வந்த 2.2ஆம் பதிப்பை ஆதரிப்பதாக உங்கள் தளங்களில் எழுதியும் வைத்திருக்கிறீர்கள். ஆனால் அந்நெறிகளை வெளியிட்ட உலகளாவிய வலைச் சேர்த்தியமே 2015 செப்டம்பரில் வெளியிட்ட, உருவாக்கக் கருவிகளுக்கான அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகளின் இரண்டாம் பதிப்பைப் பற்றி எவரும் பேசுவதைக் காணோம். அது நேரடியாக உங்களை நோக்கி எழுதப்பட்டது. அதன் முதற்பகுதி, கருவியின் முகப்பையே மாற்றுத்திறனாளிகள் இயக்கக்கூடியதாக அமைக்கச் சொல்கிறது. இரண்டாம் பகுதியின் தொடக்கமே, கருவி தானாக உருவாக்கும் உள்ளடக்கம் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதுதான். முதற்பகுதியைப் படிக்கும்போது, இழுத்து விட்டால் மட்டுமே வரிசை மாறும் உங்கள் மெனுத் தொகுப்பான் நினைவுக்கு வந்தது. என் சொந்தத் தளத்தின் மெனுவை நானே வரிசைப்படுத்த முடியாமல், பார்வையுள்ள ஒருவரை உதவிக்கு அழைத்திருக்கிறேன். மேலே, கீழே என்று இரண்டு பொத்தான்கள் இருந்திருந்தால் அழைத்திருக்க மாட்டேன்.

உங்கள் மறுமொழிகள் சிலவற்றை நான் முன்பே கேட்டிருக்கிறேன். தானியங்கிச் சோதனையில் எங்கள் தீம் முழு மதிப்பெண் பெற்றது என்பீர்கள். பெற்றிருக்கும், நிற முரண் போதுமா, பொத்தானுக்குப் பெயர் உண்டா என்பதைச் சோதனைக் கருவி கண்டுபிடிக்கும், உள்மெனு விசைப்பலகைக்குத் திறக்காததையோ, பெயர் இருந்தும் அது பொருளற்றது என்பதையோ பெரும்பாலும் கண்டுபிடிக்காது. அப்படிக் கண்டுபிடிக்கக்கூடியவற்றிலேயே நிலைமை சொல்லும்படியாக இல்லை: வெப்எய்மின் முதல் ஆய்வில் 97.8 விழுக்காட்டு முகப்புப் பக்கங்களில் பிழை தென்பட்டது, 2025இல் அது 94.8. அமைப்புகளில் ஒரு தெரிவு இருக்கிறது, வேண்டியவர் இயக்கிக்கொள்ளலாம் என்பீர்கள். தேவைப்படுகிறவன் நான், தெரிவு இருப்பதோ தள உரிமையாளரின் பக்கத்தில். எல்லாவற்றையும் மேலிருந்து சரிசெய்யும் ஒரு ஸ்கிரிப்டை இணைத்துக்கொள்ளச் சொல்வீர்களானால், அதைப் பற்றி நான் எழுதத் தொடங்கினால் இந்த மடல் இரட்டிப்பாகும். என் திரைவாசிப்பானோடு அது மல்லுக்கு நிற்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒரு மறுமொழியில் மட்டும் நியாயம் இருக்கிறது. மெனுவின் எச்டிஎம்எல்லை மாற்றினால், பழைய அமைப்பை நம்பி எழுதப்பட்ட தளங்களின் தோற்றம் குலைந்துபோகும் என்கிறீர்கள். உண்மைதான், ஒரு காலை எழுந்து பார்க்கும்போது தன் தளம் சிதைந்து கிடப்பதைக் காண எவரும் விரும்பமாட்டார்கள். ஆனால் அதற்காகப் புதிய தளங்களும் பழைய பிழையோடு பிறக்க வேண்டும் என்பதில்லை. இனி நிறுவப்படுபவற்றுக்குத் திருத்திய அமைப்பையே இயல்பிருப்பாகத் தாருங்கள். பழையவற்றுக்கு, மாறிப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திரும்பும் வசதியோடு, ஓர் அறிவிப்பைக் காட்டுங்கள். மொழிக் குறிப்பு, பொத்தானின் பெயர், தற்போதைய பக்கக் குறி, தனித்த அடையாளக் குறி ஆகியவற்றுக்கு இந்தத் தயக்கமும் வேண்டியதில்லை. பெரும்பாலான தளங்களில் அவை தோற்றத்தைத் தொடவே தொடாது. அவற்றை அடுத்த சிறு பதிப்பிலேயே வெளியிடலாம். எந்தப் பதிப்பை வெளியிடுமுன்னும், மெனுவின் ஒவ்வோர் உருப்படியையும் விசைப்பலகையால் மட்டும் சென்றடைந்து திறந்து மூடிப் பார்ப்பதை உங்கள் சோதனைப் பட்டியலில் சேருங்கள். ஒரு தமிழ்த் தலைப்பையும், ஓர் அரபுத் தலைப்பையும், தலைப்பே இல்லாத ஒரு பக்கத்தையும் உங்கள் மாதிரித் தரவில் வையுங்கள்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். உங்களில் ஒரு குழுவின் திட்டப் பக்கத்தில், இரண்டு மெனுக்களுக்கும் ஒரே அடையாளக் குறி விழுவதைப் பற்றிப் பிழை அறிக்கை ஒன்றை நான் பதிந்திருந்தேன்; எந்தக் கோப்பில் எந்த வரி என்பதையும், மாற்றி எழுத வேண்டிய நிரலையும் அதிலேயே இணைத்திருந்தேன். மனிதர் எவரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. சில வாரம் அசைவில்லாமல் கிடந்ததால், இனி தொடர வேண்டியதில்லை என்று குறித்து அதை மூடியது ஒரு தானியங்கி. அறிக்கை இன்னும் அங்கேதான் இருக்கிறது, பிழையும் இருக்கிறது. உங்களில் ஒருவர் அதை மறுபடி திறந்து படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மெனுக்களைக் காதால் கேட்கும் ஒரு பயனர்